விண்டோஸ் கணினியில் மட்டும் தமிழ்ப் பெயர்கள் சிதைவது ஏன்?

கேள்வி: நூலக உறுப்பினர் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பிலிருந்து படிக்கும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதியுள்ளேன். என் உபுண்டு மடிக்கணினியில் அது சரியாக ஓடுகிறது. அலுவலக விண்டோஸ் கணினியிலோ, ‘கமலா’, ‘சரோஜா’ என்ற இரு பெயர்கள் மட்டும் உள்ள சோதனைக் கோப்பு புரியாத குறிகளாக வருகிறது. முழுப் பட்டியலைக் கொடுத்தால் ‘சார்மேப்’ பிழை காட்டி நிரல் நின்றுவிடுகிறது. எதைத் திருத்த வேண்டும்?

பதில்: கோப்பில் குறையில்லை; அதைத் திறக்கும் வரியில்தான் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) படிக்க வேண்டும் என்று நீங்கள் குறிப்பிடாதபோது, பைத்தான் அந்தந்தக் கணினியின் இயல்பான குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவில் அது யூடிஎஃப்-8. ஆங்கில விண்டோஸில் பெரும்பாலும் 1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம்.

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 1252 குறியாக்கமோ ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகவே படிக்கும் என்பதால், ‘கமலா’ என்ற பெயரின் நான்கு குறிகள் (க, ம, ல, கால் குறி) பன்னிரண்டு அந்நியக் குறிகளாகின்றன. முழுப் பட்டியல் நின்றுபோவதற்குக் காரணம் வேறு. புள்ளி 224, 175, 141 என்றும், உகரக் குறி 224, 175, 129 என்றும் சேமிக்கப்படுகின்றன. 141, 129 ஆகிய இரண்டு எண்களுக்கும் பைத்தானின் 1252 அட்டவணையில் எழுத்தே கிடையாது. ஆகவே ‘முருகன்’ போன்ற ஒரு பெயர் இருந்தாலே போதும், நிரல் நின்றுவிடும். பிழைச் செய்தியில் 0எக்ஸ்81 அல்லது 0எக்ஸ்8டி (129, 141 ஆகியவற்றின் பதினறும வடிவங்கள்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் உறுதி.

கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும், படிப்பதானாலும் எழுதுவதானாலும், குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். பிறர் எழுதிய நிரலில் கைவைக்க முடியாத நிலையில், பைத்தான் 3.7 முதல் கிடைக்கும் ‘பைத்தான்யூடிஎஃப்8’ என்ற சூழல் மாறிக்கு (நிரலுக்கு வெளியே, கணினியில் வைக்கும் அமைப்புக்கு) 1 என மதிப்புக் கொடுக்கலாம். ஆனால் அந்த அமைப்பு அந்தக் கணினியோடு நின்றுவிடும். நாளை வேறொரு கணினிக்கு மாறினால் இதே சிக்கல் திரும்பும்.

பிழைகளைப் புறக்கணிக்கும் ‘இக்னோர்’ விருப்பத்தைச் சேர்க்குமாறு யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது 141, 129 இரண்டையும் ஓசையின்றி நீக்கிவிடும். எஞ்சுவது இரண்டுக்கும் பொதுவான 224, 175 மட்டும். அப்படிச் சேமித்த பட்டியலில் எது புள்ளி, எது உகரம் என்று பின்னர் எந்த நிரலாலும் பிரித்தறிய முடியாது. உறுப்பினர்களின் பெயர்களை இப்படி இழப்பதைவிட நிரல் பிழை காட்டி நிற்பது எவ்வளவோ மேல்.

பட்டியலை எக்செலில் திருத்தி, ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ வகையில் சேமிப்பீர்களானால், கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் சேரும். அவை கண்ணுக்குத் தெரியாத குறியாக முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொள்வதால், ‘பெயர்’ என்ற நெடுவரிசையே இல்லை என்று நிரல் சொல்லக்கூடும். படிக்கும்போது ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று குறிப்பிட்டால் அந்தக் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும். எக்செலில் திறப்பதற்கான கோப்பை எழுதும்போதும் இதையே பயன்படுத்துங்கள். அந்த மூன்று பைட்டுகள் இல்லாவிட்டால் எக்செல் அதைப் பழைய குறியாக்கத்தில் திறந்து, பெயர்களை மீண்டும் சிதைத்துக் காட்டக்கூடும்.