மாவுப்பனி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓசூர்க்காரன், பெங்களூரில் மென்பொருள் வேலை. சென்ற மாசியில் நண்பர்கள் நால்வராகக் காஷ்மீரின் குல்மார்க் சென்றோம். கேபிள் காரில் அபர்வத் மேட்டுக்குப் போய், பாதுகாப்புக்காகக் கண்காணிக்கப்படும் சறுக்குப் பகுதியைத் தாண்டி, சறுக்குப் பலகைகளின் அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஏறினோம். யாரும் தடம் பதிக்காத சரிவு. முழங்கால் வரை பனி. அள்ளினால் பிடி நிற்காத, அப்போதுதான் அரைத்த மாவு போன்ற பனி. ஒருவர் மட்டும் காலடியில் ‘தொம்’ என்று ஏதோ சத்தம் கேட்டதாகப் பயந்து திரும்பிவிட்டார். எங்களுடைய ஒரே மண்வாரியும் அவர் பையோடு போய்விட்டதைப் பிறகுதான் கண்டு சிரித்தோம். மற்ற மூவருக்கும் அது வாழ்வின் மிகச் சிறந்த நாள். பனியே விழாத மண்ணின் மொழியில் இதை எப்படி எழுதுவது? இந்தப் பனிக்குத் தமிழில் சொல் உண்டா?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

சொல் இல்லை என்று வருந்தும் அதே கடிதத்தில் அந்தப் பனியை எனக்குக் காட்டிவிட்டீர்கள். தண்ணீர் படாத கேழ்வரகு மாவு பிடிக்கு அடங்காது என்று அறிந்த நம் ஊர்க்காரர் எவருக்கும், ஈரமில்லாத பனி உருண்டையாகாது என்பது விளங்கும். அந்த ரோமப் பட்டையைப் பற்றி மட்டும் இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். பூனையின் முதுகைப் போல ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் முடி நிமிர்ந்து பனியைப் பற்றிக்கொள்ளும் பொருள் அது; ஒரு காலத்தில் சீல் தோலிலேயே செய்தார்கள். போகட்டும்.

நான் பனிமலையைக் கண்டவன் அல்லன், படித்து அறிந்ததுதான். ஆனாலும் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்தத் ‘தொம்’ என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. புதிதாக விழுந்த பனிக்கு அடியில், பழைய பனி கல்லுப்பு போல ஒட்டாமல் கிடக்கும் அடுக்கு ஒன்று இருந்து, அது மனிதர் எடை தாளாமல் உட்காரும்போது எழும் ஓசை அது. மலை அதைவிடத் தெளிவாக எச்சரிப்பதில்லை. 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. சறுக்குவதற்கு இன்பமான சரிவுகளும் அவையே. அதில் சிக்குவோரில் மிகப் பலர் தங்கள் காலாலோ கூட வந்தவர் காலாலோதான் அதைக் கிளப்பிவிடுகிறார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அதே அபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் குல்மார்க்கில் ஒரு ரஷ்யர்.

அந்த மண்வாரியைப் பற்றிச் சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா? புதைந்தவரைச் சுமார் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் பாதிக்கு மேற்பட்டோர் மூச்சடைத்து இறக்கின்றனர். சரிந்து நின்ற பனி சிமெண்ட் போல இறுகிவிடும். உங்கள் மாவு அப்போது மாவாக இருக்காது. உடலில் கட்டிக்கொள்ளும் இடங்காட்டும் கருவி ஆள் எங்கே கிடக்கிறான் என்று மட்டுமே சொல்லும். அவனை வெளியே எடுப்பது மண்வாரிதான். மூவரில் ஒருவர் புதைந்திருந்தால் மற்ற இருவரும் எதைக்கொண்டு தோண்டியிருப்பீர்கள், தம்பி?

ஒன்றும் நடக்கவில்லையே என்பீர்கள். எங்களுக்கும் ஒன்றும் நடக்கவில்லை, முதல் முறை.

கல்லூரி நாட்களில் ஓர் ஆடி மாதம், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு நால்வர் போனோம். இன்று காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள், அது கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடுகிறது; அன்று எங்களுக்குப் பரிசல்காரரின் கண்தான் அளவுகோல். காலையில் பச்சையாக இருந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி, சுள்ளியும் நுரையும் மிதந்து வரத் தொடங்கியிருந்தது. வயதான பரிசல்காரர் ஒருவர் மறுத்துவிட்டார். நாங்கள் கூடக் காசு பேசி இன்னொருவரைப் பிடித்தோம். மூங்கில் பின்னலின் விளிம்பில் ஒரு காலை வைத்திருந்த எங்கள் நண்பன், தண்ணீரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அந்தக் காலைப் பின்னுக்கு எடுத்தான். எங்கள் செருப்புகளைக் காவல் காக்கிறேன் என்று பாறைமேல் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் அவனைச் சொல்லாத சொல் இல்லை. அன்று பரிசல் இரண்டு சுற்றுச் சுற்றி, நாங்கள் தொப்பலாக நனைந்து, கூச்சலிட்டபடி கரை சேர்ந்தோம். பேருந்தில் திரும்பும்போது தருமபுரி வரையிலும் அவனுக்குச் ‘செருப்புக்காரன்’ என்று பெயர்.

அடுத்த ஆண்டு மறுபடியும் போனோம். அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டான். அன்றும் தண்ணீர் கலங்கித்தான் இருந்தது. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல எங்களில் ஆள் இல்லை. சொல்லக்கூடிய ஒருவனை நாங்கள்தான் ஓராண்டு முழுக்கக் கேலி செய்து விரட்டியிருந்தோமே. பரிசல் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. நான் ஒரு பாறை இடுக்கைப் பற்றிக்கொண்டேன். மற்றொருவனின் இடது முழங்கை நொறுங்கியது. இன்றும் அவனால் அந்தக் கையால் சோற்றுத் தட்டை நேராகப் பிடிக்க முடியாது.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் காரணம், அது வந்த வாரத்தில்தான் அந்தச் செருப்புக்காரனைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறான். அன்று என்னடா பார்த்தாய் என்று இத்தனை வருடம் கழித்துக் கேட்டேன். கிளையை வளைத்துப் பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே, “தண்ணி கலங்கிடுச்சுன்னு சொன்னேன். மூணு பேரும் என் மூஞ்சியத்தான் பாத்தீங்க, ஒருத்தனும் தண்ணியப் பாக்கல” என்றான்.

உங்கள் நண்பர் அன்று தனியாக இறங்கி, கேபிள் கார் நிலையத்தில் எத்தனை மணி நேரம் உங்களுக்காகக் காத்திருந்தார் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பனிக்கான சொல்லைப் பிறகு தேடலாம்.

அன்புடன்