கையால செய்த மர வில்லுக்கு மேல என்ன பூசுறது? எண்ணெயா, வார்னிஷா?

சமண்டலைப் பலகையில வில்லு சீவி முடிச்சாச்சு, வீட்டில தேங்காயெண்ணெய் போதும் எண்டினம், ஹார்ட்வெயார் கடைக்காரர் வார்னிஷ் எண்டுறார், எது சரி எண்டு கேட்டிருக்கிறியள். முதல்ல வில்லைக் கெடுக்கிறது என்னெண்டு பாப்பம்.

மழையில நனைஞ்சா உடன துடைச்சுப் போடலாம், காத்தில இருக்கிற ஈரத்துக்கு அப்பிடிச் செய்யேலாது, அது கண்ணுக்குத் தெரியாம மரத்துக்குள்ள போகும் வரும். காத்தின்ர ஈரப்பதன் 50 வீதத்தில கன நாள் நிண்டா மரத்துக்குள்ள ஈரம் 9 வீதமளவில வந்து நிக்கும், 80 வீதமெண்டா 16 அளவுக்கு ஏறிடும். வன்னியில ஆடி ஆவணிச் சோளகக் காத்துக்கையும் கார்த்திகை மாரி மழைக்கையும் காத்து எவ்வளவு மாறுது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரம் கூடினா வில்லு வளைஞ்சபடி நிண்டிடும், நாணைக் கழட்டினாலும் முழுசா நிமிராது, அம்பின்ர வேகமும் போயிடும், கடுமையாக் காஞ்சாலோ இழுக்கேக்க முறியப் பாக்கும். வில்லு 8 - 10 வீத ஈரத்தில நிண்டாத்தான் நல்லது, நீங்கள் பூசுற பூச்சின்ர வேலை அந்த அளவை அப்பிடியே பிடிச்சு வச்சிருக்கிறதுதான். முழுசா மறிக்கிற பூச்சு எண்டு ஒண்டும் இல்லை, ஈரம் போய்வாற வேகத்தைத்தான் குறைக்கலாம்.

அதால தேங்காயெண்ணெய் வேண்டாம். அது காத்துப் பட்டு இறுகிற எண்ணெய் இல்லை, பிசுபிசுப்பாவே கிடந்து தூசு பிடிச்சு ஊசல் மணம் வரும். இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெயும் அப்பிடித்தான், வேப்பெண்ணெய் பூசினா வண்டு அரிக்காது எண்டு ஆக்கள் சொல்லுவினம், ஆனா அது ஊறின மரத்தில பிறகு வார்னிஷ் ஒழுங்காப் பிடிக்காது, எண்டபடியா ரெண்டையும் சேர்த்துச் செய்ய நினைக்காதேங்கோ. லின்சீட் ஒயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், இறுகும், மரமும் வடிவாத் தெரியும், ஆனா ஈரக் காத்தை மறிக்கிறதில சரியான பலவீனம். தேன்மெழுகு தனிய எண்டா அதுவும் காணாது.

என்னைக் கேட்டா அடியில ஷெல்லாக், மேல ஒயில் பேஸ் பொலியூரித்தேன் எண்டுற வார்னிஷ். ஷெல்லாக் எண்டுறது அரக்குத்தான், தளபாடம் பொலிஷ் பண்ணுற தச்சு வேலைக்காரர் ஸ்பிரிட்டில கரைச்சுப் பூசுற அதே சாமான், காத்தில வாற ஈரத்தை மறிக்கிறதில அது கெட்டிக்காரச் சாமான். ஆனா தனிய விட்டா தண்ணி நிண்ட இடம் வெள்ளைபத்தும், சூட்டுக்கு இளகும், அதாலதான் மேல பொலியூரித்தேன். மெழுகு எடுத்த ஷெல்லாக்கா எண்டு கேட்டு வாங்குங்கோ, மெழுகோட இருக்கிறதில பொலியூரித்தேன் ஒட்டாம உரிஞ்சு வரும். கப்பல் பாய்மரத்துக்கெண்டு வந்த ஸ்பார் வார்னிஷ் கிடைச்சா அதுவும் நல்லது, எண்ணெய்ப் பங்கு கூட எண்டபடியா மரத்தோட சேர்ந்து வளைஞ்சு குடுக்கும். கதவு ஜன்னலுக்கு ஸ்ப்ரே அடிக்கிற லக்கரை மட்டும் தவிருங்கோ, காஞ்சா முறுகல், வில்லு வளைய வளைய மெல்லிய வெடிப்பு விழும், அதுக்குள்ளால ஈரம் போகும்.

இனி பூசுற நேரம், இதைத்தான் கன பேர் யோசிக்கிறேல்லை. மரத்துக்குள்ள ஈரம் இருக்கேக்க பூசினா ஈரத்தை உள்ளுக்க வச்சு அடைச்ச மாதிரித்தான். கோடையில தகரக் கூரைக்குக் கீழ, வெயில் நேர படாம கிடையாப் போட்டு வச்சு, சமையல் தராசில இடைக்கிடை நிறுத்துப் பாருங்கோ, நிறை குறைஞ்சுகொண்டு போய் ஒரு இடத்தில நிண்டிட்டுதெண்டா மரம் ரெடி. மாரி தொடங்க முன்னம் பூசி முடிக்கவேணும்.

பூசேக்க ஒவ்வொரு கோட்டும் மெல்லிசா இருக்கவேணும், பொலியூரித்தேன் முதல் கோட்டுக்கு டர்பன்டைன் கொஞ்சம் கலவுங்கோ, காஞ்சாப்பிறகு நைஸ் சாண்ட் பேப்பரால லேசாத் தேய்ச்சு அடுத்தது, நாலஞ்சு கோட் காணும். தடிப்பா ஒரே தரத்தில பூசினா வெடிக்கும். ரெண்டு நுனிக்கும் நாண் மாட்டுற வெட்டுக்கும் கூடுதலாப் பூசுங்கோ, குறுக்கு வெட்டுப்பட்ட இடத்தால மரம் மற்றப் பக்கங்களை விடப் பல மடங்கு ஈரம் குடிக்கும். கைபிடிக்குத் தோல் சுத்துறதெண்டாலும் அதுக்குக் கீழையும் பூச மறக்காதேங்கோ, கை வேர்வை நேர அங்கதான் இறங்கும். எல்லாம் காஞ்சாப்பிறகு மேல மெழுகு தேய்ச்சா நல்லது.

லின்சீட் ஒயிலை வேற எதுக்கும் பாவிச்சாலும் துடைச்ச சீலையைச் சுருட்டி எறியாதேங்கோ, தன்பாட்டில சூடேறி நெருப்புப் பத்தும், வெளியில விரிச்சுக் காயவிட்டுத்தான் எறியோணும். நுளம்புக்குப் பூசுற கிரீம் கையோட வில்லைப் பிடிச்சா பூச்சு இளகப் பாக்கும், கையைக் கழுவிட்டுத் தொடுங்கோ. நாண் உரஞ்சி மரம் தெரியிற இடம் ஏதும் கண்டா அண்டைக்கே ஒரு சொட்டுத் தொட்டு விடுங்கோ, மழை பிடிச்சாப்பிறகு பூச்சு காயவும் கன நேரம் எடுக்கும்.