பழைய ட்ரையல்ஸ் சைக்கிளும் பென்ஷன் காலமும்: கேட்டவையும் சொன்னவையும்

இரத்மலானை ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது பழைய ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிள்களைத் திருத்துவதுதான் பொழுது. அதைப் பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ட்ரையல்ஸ் என்பது மோட்டோகுரொஸ்தானே? எனக்கு அடுத்த மாதம் பென்ஷன். எந்த சைக்கிளில் தொடங்கலாம்? (வெள்ளவத்தை)

இல்லை ஐயா, இரண்டும் இரு வேறு உலகம். மோட்டோகுரொஸில் வேகம்தான் எல்லாம். ட்ரையல்ஸில் வேகத்துக்கு வேலையே இல்லை. பாறை, ஓடை, வேர், சேறு என்று ஒரு சின்னத் துண்டு நிலத்தைக் கயிறு கட்டிப் பிரித்துவிடுவார்கள். கால் ஊன்றாமல் அதைக் கடக்க வேண்டும். ஒரு தரம் கால் பட்டால் 1 புள்ளி, இரண்டு தரம் என்றால் 2, அதற்கு மேல் எத்தனை தரம் பட்டாலும் 3, கடக்க முடியாமல் போனால் 5. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர்தான் வெற்றி. ஆகவே நடை வேகத்திலும் திணறாமல் இழுக்கும் எஞ்சின், நன்றாக வெட்டித் திரும்பும் ஹாண்டில், குறைந்த பாரம், இந்த மூன்றும் வேண்டும்.

ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலை ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர் 1964இல் இங்கிலாந்தின் 500 சீசீ ஏரியல் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வென்றார். அடுத்த வருடமே ஸ்பெயினின் பாரம் குறைந்த புல்டாகோ ஷெர்பா டூ ஸ்ட்ரோக்கில் (பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் எஞ்சின்) வந்து மறுபடி வென்றார். பாரமான ஆங்கிலேய சைக்கிள்களின் காலம் அத்தோடு முடிந்தது. 70களில் யமஹா டீவை, ஹொண்டா டீஎல் எல்லாம் வந்தன.

கம்பனியே ட்ரையல்ஸுக்கென்று செய்த சைக்கிள் கொழும்பில் கிடைப்பது அருமை. நான் சொல்வது இங்கிலாந்தின் பீஎஸ்ஏ கம்பனி செய்த பேன்டம், அதுவும் டூ ஸ்ட்ரோக். 1948இலிருந்து 1971 வரை செய்தார்கள். ஜெர்மனியின் டீகேடபிள்யூ ஆர்டி 125இன் வடிவத்தை யுத்தம் முடிந்த கையோடு எடுத்துச் செய்தது அது. இங்கிலாந்திலும் ஏராளமானோர் பேன்டத்தைத்தான் ட்ரையல்ஸுக்கு மாற்றி ஓடினார்கள். எஞ்சின் சின்னது, உள்ளே சாமான் குறைவு, பாரமும் 100 கிலோவை எட்டாது. அறுபது வயதுக்காரர் தனியாக ஸ்டாண்டில் ஏற்றலாம். முதல் சைக்கிளுக்கு அது போதும்.

தாத்தாவின் பேன்டம் ஒன்று பழைய ஸ்ரீ இலக்கத் தகட்டோடு மட்டக்குளி வீட்டில் கிடக்கிறது. சேசிஸை மணல் அடித்து பவுடர் கோட் செய்ய நினைக்கிறேன். சரியா அங்கிள்?

மகன், முதலில் கடதாசி, பிறகுதான் மணல். பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால், உரித்துக்காரர் எல்லோரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். புத்தகத்திலுள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் சைக்கிளில் அடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

சேசிஸ் நம்பர் ஹாண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் மெல்லிசாகத்தான் குத்தியிருக்கும். மணல் பலமாகப் பட்டால் அழிந்துவிடும், தடித்த பவுடர் கோட் அதை மூடிவிடும். எழுத்து அழிந்த சேசிஸை வைத்துக்கொண்டு எந்த அதிகாரிக்கும் நீங்கள் எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே முதலில் தெளிவாகப் படம் எடுங்கள். மணல் அடிக்கக் கொடுக்கும்போது அந்த இடத்தில் தடித்த டேப்பைச் சுற்றிக் கொடுங்கள். அந்த இடத்தை மட்டும் கையால் சுத்தம் செய்து, மெல்லிய பெயின்ட் பூசுங்கள்.

பேன்டம் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பின்னால் வீதியே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. பிஸ்டன் ரிங்ஸ் மாற்றியும் குறையவில்லை. ஐட்லிங்கும் ஏறி இறங்குகிறது. (கொட்டாஞ்சேனை)

அனேகமாக நீங்கள் தவறான இடத்தில் காசைப் போட்டிருக்கிறீர்கள் தம்பி. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையும் ஒரு பம்ப்தான். பெற்றோலும் காற்றும் முதலில் அங்கேதான் போகும். அந்த அறையின் இரு பக்கமும் கிராங்க் தண்டைச் சுற்றி ஒயில் சீல் இருக்கும். பல வருடம் சும்மா கிடந்த எஞ்சினில் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும்.

கிளச் பக்கத்துச் சீல் போனால், எஞ்சின் கியர் ஒயிலை உறிஞ்சி எரிக்கும். உங்கள் புகை அதுதான் என்று நினைக்கிறேன். பார்ப்பது சுலபம்: கியர் ஒயிலை அளவுக்கு ஊற்றுங்கள், சில நாள் ஓடுங்கள், திரும்ப அளந்து பாருங்கள். கீழே ஒழுக்கு இல்லாமல் ஒயில் குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மற்றப் பக்கம், அதாவது பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் மெக்னெட்டோ பக்கத்துச் சீல் போனால் கதை வேறு. அங்கே ஒயில் இல்லை, காற்றுத்தான் உள்ளே வரும். கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும், அக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தயங்கும், பிளக் முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும். அப்படியே விட்டால் ஒரு நாள் ஏற்றத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஐட்லிங் ஏறி இறங்குகிறது என்கிறீர்களே, அதனால் இரண்டு சீலுமே போயிருக்க இடமுண்டு. எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்தால் பெயாரிங்கையும் கையோடு மாற்றுங்கள். ஒரே எஞ்சினை இரண்டு முறை பிரிப்பது வீண் வேலை.

பெற்றோலில் எவ்வளவு ஒயில் கலக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. பழைய புத்தகத்தில் 20க்கு 1 என்றிருக்கும், அது அந்தக் காலத்துச் சாதாரண எஞ்சின் ஒயிலுக்குச் சொன்ன கணக்கு. இப்போதைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் 32க்கு 1 போதும், அதாவது ஒரு லீட்டருக்கு ஏறக்குறைய 31 மில்லி. இன்னொன்று, பழைய சைலன்சரில் ஊறிக் கிடக்கும் ஒயிலும் சூடேறினால் கொஞ்ச நேரம் புகையும். சீல் மாற்றிய முதல் நாளே புகை நிற்கவில்லையென்று மனம் தளர வேண்டாம்.

என்னுடைய 13 ஸ்பேனர் போகுதில்லை, 14 போட்டால் நழுவுது. நட்டு தேய்ந்துவிட்டதா?

நட்டு நல்லது, ஸ்பேனர்தான் பிழை. பழைய ஆங்கிலேய சைக்கிளில் அனேகமானவை விட்வர்த் என்ற பழைய அங்குல அளவு. அதில் கால் அங்குலத் தடிப்புள்ள போல்டுக்குரிய நட்டின் அகலம் 13.3 மில்லிமீட்டர். 14ஐப் போட்டு இழுத்தால் மூலை உருண்டுவிடும். விட்வர்த் செட் ஒன்று வாங்குங்கள். மரையும் வேறு, ஆகவே கண்ட கண்ட போல்டையும் அலுமினிய உடம்புக்குள் முறுக்கி ஏற்றாதீர்கள்.

அப்பாவின் 60ஆவது பிறந்தநாள். அவர் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கப் போகிறார். என்ன வாங்கிக் கொடுக்கலாம்? (பம்பலப்பிட்டி, ஒரு மகள்)

மேலே சொன்ன ஸ்பேனர் செட், அவருடைய மொடலுக்குரிய திருத்தப் புத்தகம், வெளிச்சமான லாம்பு ஒன்று. கண் பார்வை குறையும் வயதில் லாம்பு பெரிய உதவி. முழங்கால் நோவு இருந்தால் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை மேசை செய்து கொடுங்கள்.

மகள், ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதுவது எல்லாக் கராஜிலும் உள்ள பழக்கம். அப்பா அதைச் செய்யவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியச் சொல்லுங்கள். இரண்டு சாமான் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டையும் வீட்டு வராந்தாவில் அடிக்க விடாதீர்கள். அதன் புகை நெஞ்சைக் கெடுக்கும், தகுந்த முகமூடி உள்ள கடைக்குக் கொடுப்பதே நல்லது.

பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடைகளில் சாமான் எடுக்கலாமா நானா? இல்லாவிட்டால் இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்க வேண்டுமா? (மாளிகாவத்தை)

பெயாரிங், சீல், செயின், கேபிள் வயர், பிளக் எல்லாம் இங்கேயே எடுக்கலாம். பழையதைக் கையில் கொண்டுபோங்கள். பெயாரிங்கிலும் சீலிலும் அளவு அடித்திருக்கும், கடைக்காரருக்கு சைக்கிளின் பெயர்கூடத் தேவையில்லை. புஷ், தண்டு போன்றவற்றை நல்ல லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், பழைய சாமான் ஒன்றையும் எறியாதீர்கள். உடைந்திருந்தாலும் அதுதான் லேத் வேலைக்காரருக்கு மாதிரி.

பிஸ்டன், காபரேட்டரின் உள் சாமான், பொயின்ட் செட் இவற்றுக்குத்தான் வெளிநாடு. பாவித்த சாமான் என்றால் இறக்குமதி விதிகளை விசாரித்த பிறகே காசு அனுப்புங்கள், அவை அடிக்கடி மாறுகின்றன.

எல்லாம் குரோம் பூசி, கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக்க ஆசை. (தெஹிவளை)

உங்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அப்படிச் செய்யமாட்டேன், காரணமும் சொல்கிறேன். ட்ரையல்ஸ் சைக்கிள் கல்லில் உரசத்தான் பிறந்தது. பளபளப்பாக்கிவிட்டால் கீறல் விழும் என்று பயந்து நீங்கள் அதை ஓடவே மாட்டீர்கள். ஓடாத டூ ஸ்ட்ரோக்கின் சீல் திரும்பவும் காயும். முதலில் எஞ்சின், பிறேக், சில்லு மூன்றையும் ஒழுங்காக்கி ஒரு வருடம் ஓடுங்கள், பெயின்ட்டை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. குரோமில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் உப்பு உள்ளே போய்த் துருவைத் தள்ளும். ஓடி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, ஒயில் துணியால் மெல்லியதாகத் துடையுங்கள். மூடுவதென்றால் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும்.

ட்ரையல்ஸ் ரயருக்குக் காற்று எவ்வளவு? (வத்தளை)

பாறையில் பின் ரயருக்கு 5 பீஎஸ்ஐ சுற்றி. அவ்வளவு குறைவாகக் காற்றிருந்தால் ரயர் ரிம்மில் வழுக்கி ரியூபின் வால்வைப் பிய்த்துவிடும், ஆகவே ரிம்மில் ரயரைப் பிடிக்கும் போல்ட் கட்டாயம் வேண்டும். அந்தக் காற்றோடு காலி வீதி போன்ற தார் வீதியில் ஏறாதீர்கள், வளைவில் சைக்கிள் நெளியும். தென்னந்தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இறக்குங்கள், வீடு திரும்ப முன் ஏற்றுங்கள். கைப்பம்ப் ஒன்று பையில் இருக்கட்டும்.