வெப்பநிலை வேறுபாடுகளின் பரவல் ஒரு பக்கம் சாய்வது ஏன்?
வேறுபாடுகளின் பரவல் சாய்கிறதே, நிரலில் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் பிழை இல்லை. இருபுறமும் சமமாக இருக்கும் மணி வடிவக் காஸியன் பரவல்தான் இங்கே பொருந்தாது. நண்பகலில் தரையருகே 20 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 20 முறை) பதிவான காற்று வெப்பநிலைத் தரவில், பிந்தைய மதிப்பிலிருந்து 1 விநாடி முந்தையதைக் கழித்தால் பரவல் எதிர்மறைப் பக்கம் சாய்கிறது என்கிறீர்கள். சாயத்தான் வேண்டும்.

வெயிலில் சுட்ட தரையை ஒட்டிய காற்று மெல்ல மெல்லச் சூடேறும். மேலிருந்து குளிர்ந்த காற்று பாய்ந்து வந்ததும் வெப்பநிலை சட்டென்று விழும். ஐந்து நிமிடத் தரவை வரைந்து பாருங்கள், ரம்பப் பல் கண்ணுக்கே தெரியும். அந்தச் செங்குத்துச் சரிவுகளே காரணம்.

தெளிந்த இரவில் தரை குளிர்ந்திருப்பதால் ரம்பப் பல் தலைகீழாகும்; அந்தத் தரவிலும் இதே கணக்கைச் செய்யுங்கள். சாய்வின் குறி மாறினால் ஐயம் தீர்ந்தது.

ஒன்றில் கவனம்: சாய்வை அளக்கும் மூன்றாம் படிச் சராசரியை (வேறுபாடுகளின் கனங்களின் சராசரி) சில பெரிய சரிவுகளே ஆட்டிவைக்கும். ஒரே அரைமணித் தரவை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.