பாலும் பதஞ்சலியும்

ஐயா, எனக்கு 32 வயது. போன வருடம்தான் ஏடிஎச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்றார்கள், மாத்திரை எடுக்கிறேன். யாராவது லேசாக முகம் சுளித்தாலே இரண்டு நாள் நொறுங்கிப்போகிறேன். பதஞ்சலியின் யோக சூத்திரம் படித்தேன். சித்த விருத்தி நிரோதம், அதாவது மனதின் அலைகள் அடங்குவது, எனக்கு வாய்க்கவே வாய்க்காதா? மாத்திரையை விட்டுவிட்டு யோகத்தையே பிடித்துக்கொள்ளலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

'படித்தேன்' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். அதைச் சொல்லும் இரண்டாவது சூத்திரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு வாய்க்கவில்லை என்று அழுதால் எப்படி? அதே பாதத்தில், முதல் அத்தியாயத்தில்தான், 30வது சூத்திரம் வரை போயிருக்கலாமே. அங்கே ஒன்பது இடைஞ்சல்களைச் சொல்கிறார் பதஞ்சலி. முதலில் வருவது வியாதி. கடைசியில் அனவஸ்திதத்துவம், எட்டிய இடத்தில் நிலைக்க முடியாமை. காய்ச்சலும் அலைபாய்தலும் ஒரே வரிசையில்! காய்ச்சல்காரனை யாராவது ஒழுக்கமில்லாதவன் என்பார்களா? அடுத்த சூத்திரத்தில் துக்கம், மனமுடைதல், உடல் நடுக்கம், மூச்சு தடுமாறுவது எல்லாம் இவற்றின் கூட்டாளிகளாக வருகின்றன. உங்கள் இரண்டு நாளும் அதில் இருக்கிறது. 33இல் துக்கப்படுகிறவரிடம் கருணை காட்டச் சொல்கிறார். அந்த ஆள் நீங்களாக இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

என் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாளாவது பால் தீய்ந்துவிடும். உங்களுக்கு இருப்பதுதான் அவளுக்கும் இருந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். அடுப்பில் வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போவாள், பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுவாள், அப்புறம் பால் ஏது? அப்பா திட்டியதே இல்லை. 'ம்' என்பார். அந்த ஒரு 'ம்'முக்குப் பயந்து, கொல்லையில் உட்கார்ந்து சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு, சத்தம் வராமல் பாத்திரம் தேய்ப்பாள். நாங்கள் பார்த்தால் 'தூங்கப் போடா' என்பாள்.

பிறகு சித்தி ஒரு பால் குக்கர் வாங்கித் தந்தாள். இரட்டைச் சுவர், நடுவில் தண்ணீர், கொதித்தால் அதுவே விசிலடிக்கும். பால் தீய்வது அன்றோடு நின்றது. அப்பாவும் சில வருடங்களில் போய்விட்டார். ஆனாலும் விசில் வரும்வரை அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அடுப்படியிலேயே நிற்பாள். 'அதான் கூப்பிடுமே, வந்து உட்காரேன்' என்றால், 'இருடா, இதோ ஆயிடும்' என்பாள்.