ஆறாத புண், மாறும் மச்சம்: தோல் புற்றுநோய் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. அவருடைய வலது குதிகாலில் ஓராண்டாக ஒரு கரும்படை இருக்கிறது. வலியோ அரிப்போ இல்லை, ஆனால் முன்பைவிடப் பரவியிருப்பது போலத் தோன்றுகிறது. கறுத்த தோல் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று சொல்லி, அவர் மருத்துவரிடம் வர மறுக்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல. இந்த வாரமே அவரைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுப்பதால், கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்நோய் குறைவாகவே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் நிறமி செல்களில் தோன்றும் மெலனோமா என்னும் கொடிய வகை அவர்களுக்கு வரும்போது, பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய வெயில் அதிகம் படாத இடங்களில்தான் வருகிறது. பாதத்தை யாரும் தினமும் உற்றுப் பார்ப்பதில்லை, வலியும் இல்லை. அதனால் கண்டறிவது தாமதமாகிறது, அந்தத் தாமதமே உயிருக்கு ஆபத்தாகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் அடியில் இருந்த மெலனோமா 1977இல் கண்டறியப்பட்டது. 1981இல், 36ஆம் வயதில், அந்நோயால் அவர் இறந்தார்.

ஒரு பாதி மற்றொரு பாதியைப் போல இல்லாதது, விளிம்பு ஒழுங்கற்றிருப்பது, ஒரே மச்சத்தில் பல நிறங்கள் கலந்திருப்பது, குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது, நாளடைவில் மாறிக்கொண்டே வருவது ஆகிய ஐந்தையும் மருத்துவர்கள் எச்சரிக்கை அறிகுறிகளாகச் சொல்வார்கள். இவற்றுள் நான் முதலிடம் தருவது மாற்றத்துக்குத்தான். மற்ற நான்கும் இல்லாவிட்டாலும், வளர்ந்துகொண்டே போகும் ஒரு கரும்படையைச் சும்மா விடக்கூடாது. நகத்தைப் பொறுத்தவரை, கறுத்த தோல் உள்ள பலருக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இயல்பாகவே இருக்கும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கோடும், நகத்தைத் தாண்டி அதன் அடித்தோலிலும் படரும் கருமையும்தான் கவலைக்குரியவை. அடிபட்டுக் கட்டிய இரத்தமானால் நகம் வளர வளர முன்னோக்கி நகர்ந்துவிடும், இது நகராது.

கேள்வி: என் தந்தையின் மூக்கோரத்தில் முத்துப்போல் பளபளக்கும் ஒரு கட்டி, நடுவில் புண்ணாகி, ஐந்து மாதங்களாக ஆறுவதும் மீண்டும் கசிவதுமாக இருக்கிறது. மருத்துவர் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: இந்த அச்சத்தால் எத்தனையோ பேர் சிகிச்சைக்குரிய காலத்தை இழந்திருக்கிறார்கள் என்பதால் அழுத்தமாகவே எழுதுகிறேன்: தோலில் திசுப் பரிசோதனை செய்வதால் புற்றுநோய் பரவாது. முற்றிய நிலையில் வந்தவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் நோய் தொடர்ந்ததைக் கண்டவர்கள், பழியைக் கத்தியின் மேல் போட்டுவிட்டார்கள். பரவியதற்குக் காரணம் அதற்கு முன்பு கடந்துபோன மாதங்கள்.

உங்கள் வர்ணனை, தோல் புற்றுநோய்களிலேயே மிக அதிகமாகக் காணப்படும் அடித்தள செல் புற்றுநோயை நினைவூட்டுகிறது. சோதனைதான் உறுதி சொல்ல முடியும். இவ்வகை பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனாலும் விட்டுவிட்டால் மூக்கின் குருத்தெலும்பையும் கண்குழியையும் மெல்ல அரித்துவிடும். கட்டி சிறிதாகவும் எல்லை தெளிவாகவும் இருந்தால், அதைச் சுற்றி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுப்பது வழக்கம். மூக்கு, இமை, காது போன்ற, வீணாக்கத் தோல் இல்லாத இடங்களுக்கு, அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் மோஸ் 1930களில் வகுத்த முறை மிகவும் ஏற்றது. அதில் அடுக்கடுக்காகத் திசுவை எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்த்து, புற்று இல்லாத அடுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அறுவையைத் தாங்க இயலாத முதியவர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. மேலோட்டமாக மட்டும் பரவிய சில கட்டிகளுக்கு இமிக்விமோட், ஃபுளுரோயூராசில் களிம்புகள் போதுமானவை.

கேள்வி: கழுத்தில் உள்ள மச்சம் ஓராண்டில் பெரிதாகிவிட்டது. லேசரால் எரித்துவிடலாமா, அல்லது மச்சத்தை உதிர்க்கும் என்று விற்கப்படும் களிம்பைப் பூசலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். எரித்த மச்சம் என்னவாக இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அது மெலனோமாவாக இருந்தால், அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்பதே சிகிச்சையின் அடித்தளம். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் இந்தத் தடிமனை மில்லிமீட்டரில் அளந்து நோயின் போக்கைக் கணிக்கலாம் என்று காட்டினார். இன்றும் அந்த அளவு 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் 1 சென்டிமீட்டரும், 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டரும் நல்ல தோலைச் சேர்த்து அகற்றுகிறார்கள். அருகிலுள்ள நிணநீர்க் கணுவைச் சோதிக்க வேண்டுமா என்பதையும் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது. அரிக்கும் களிம்புகளோ மேல்தோலை உதிர்த்துத் தழும்பாக்கிவிட, அடியில் நோய் வளர்ந்துகொண்டிருக்கும். சந்தேகத்துக்குரிய மச்சத்தை முழுதாக வெட்டியெடுத்து, நோயியல் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் தீப்பட்ட தழும்பு இப்போது அடிக்கடி வெடித்துப் புண்ணாகிறது. இது சாதாரணம்தானே?

பதில்: அப்படி எண்ணி விட்டுவிடாதீர்கள். நெடுநாள் தீத்தழும்புகளிலும் ஆறாத புண்களிலும் பல ஆண்டுகள் கழித்து, மேல்தோலின் தட்டையான செல்களில் உருவாகும் செதிள் செல் புற்றுநோய் தோன்றுவதுண்டு. புண்ணின் விளிம்பிலிருந்து திசு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் சன்ஸ்கிரீன் பூசினால் தோல் புற்றுநோயைத் தடுத்துவிடலாமா?

பதில்: யாருக்கு என்பதைப் பொறுத்தது. வெளிர்தோல் உள்ளவர்களுக்குப் பலன் தெளிவு: 1990களில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், தினமும் பூசியவர்களுக்குச் செதிள் செல் புற்றுநோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு அளவு) 30 என்று குறிக்கப்பட்ட களிம்பு புற ஊதா பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் பெரும்பாலோர் தேவையான அளவில் பாதிகூடப் பூசுவதில்லை என்பதால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. தாராளமாகப் பூச வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீந்திய பிறகும் வியர்த்த பிறகும் மீண்டும் பூச வேண்டும். அதைவிட நம்பகமானவை நிழலும், நெருக்கமாக நெய்த முழுக்கை ஆடையும், அகன்ற விளிம்புள்ள தொப்பியும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களின் வலிமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது இவை தேவை. மேகமூட்டம் இருந்தாலும் கதிர்கள் ஊடுருவும். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களும் ஒருநாள்கூடத் தவறக்கூடாது. தோலைப் பழுப்பாக்கும் செயற்கை ஒளிப்படுக்கைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதியாக வகைப்படுத்தியது. அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

கறுத்த தோல் உள்ளவர்களுக்கு நான் வேறு விதமாகச் சொல்வேன். உள்ளங்காலில் வரும் நோயைச் சன்ஸ்கிரீன் தடுக்காது. மாதம் ஒருமுறை, குளித்தபின், நல்ல வெளிச்சத்தில் பாதங்களையும் விரலிடுக்குகளையும் நகங்களையும் பார்ப்பதே அவர்களுக்கு மேலான காப்பு.

கேள்வி: என் சகோதரரின் மெலனோமா நுரையீரலுக்குப் பரவிவிட்டது. இனிச் செய்ய எதுவும் இல்லையா?

பதில்: இருக்கிறது. 2010 வரை இந்நிலையில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதே கடினமாக இருந்தது. உடலின் எதிர்ப்பு செல்களைப் புற்றைத் தாக்கவிடாமல் பிடித்துவைக்கும் தடையை நீக்கும் இபிலிமுமாப் மருந்து 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவற்றுக்கு வழிவகுத்த ஜேம்ஸ் அலிசன், தாசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இபிலிமுமாபையும் நிவோலுமாபையும் சேர்த்துப் பெற்ற நோயாளிகளில் 43 சதவீதத்தினர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்ததாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உள்ளங்கால், நக வகைகளில் பலன் இதைவிடக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கட்டியின் திசுவில் பிராஃப் மரபணு மாற்றம் உள்ளதா என்று சோதித்தார்களா எனக் கேளுங்கள். இருந்தால் அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் உண்டு. எதிர்ப்பாற்றல் சிகிச்சை தொடங்கினால், வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, மிகுந்த சோர்வு எது வந்தாலும் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டுச் சமாளிக்காமல் அன்றே புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவியுங்கள். குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் உடலே தாக்கத் தொடங்குவதன் அடையாளமாக அவை இருக்கலாம், தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் அடக்கிவிட முடியும். உடன்பிறந்தவர் என்பதால் உங்கள் தோலையும் ஒருமுறை மருத்துவரிடம் முழுமையாகக் காட்டிவிடுங்கள்.