ரேச்சலைப் பிடிக்கவில்லை என்றால் நாவலை மூடிவிடலாமா?

இப்போதே மூட வேண்டாம். பவுலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்’ (2015) மர்ம நாவலில் பாதி வந்தும் நாயகி ரேச்சல் எரிச்சலூட்டுகிறாள் என்கிறீர்கள். குடித்துவிட்டு முன்னாள் கணவனுக்கு போன் போடுபவளை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அவளுக்கே நினைவில்லாத அந்த ஒரு ராத்திரிதான் கதையின் முடிச்சு. அவள் ஒழுங்கானவளாக இருந்திருந்தால் நாம் அவளைச் சந்தேகிக்கவே மாட்டோம்.

அலுப்புக்குக் காரணம் அநேகமாக ஒவ்வொரு பகுதியின் மேலும் போட்டிருக்கும் தேதிகள். மூன்று பெண்கள் மாறி மாறிச் சொல்லும் நாவல் இது; அவர்களில் மேகனின் கதை ரேச்சலுடையதற்கு ஓராண்டுக்கு முன்பே தொடங்குகிறது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் குழப்பம் வரும், அந்தக் கோபமும் ரேச்சல் தலையில்தான் விடியும்.

இதுவரை வந்த மேகன் பகுதிகளை மட்டும், தேதி பார்த்து, மறுபடி புரட்டிப் பாருங்கள்.

அதுவும் ஒட்டவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். மூன்றாவதாகப் பேசும் ஆனா, என்னைக் கேட்டால், இன்னும் மோசம்.